ரீச்சரின் 364 நாள்கள்: கிளிநொச்சியில் ஒரு பணிக்கொடையும் திறைசேரி உண்டியலும்

ரீச்சர் என்னிடம் வந்தது 2022 டிசெம்பர் நடுப்பகுதியில். மாண்டஸ் புயல் கொண்டுவந்த குளிரில் வன்னியில் மாடுகள் செத்து விழுந்து ஒரு கிழமைதான் கழிந்திருந்தது. அவர் வீட்டுப் பசுவும் அதில் போய்விட்டது. முதல் கால் மணி நேரம் மாட்டைப் பற்றியே பேசினோம். பால் விற்ற காசில்தான் கடைச் சாமான் கணக்கு ஓடியது என்றார். பிறகு கைப்பையைத் திறந்து, பொலித்தீன் பையில் மடித்துச் சுற்றிய வங்கிப் புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஓய்வுபெற்றபோது வந்த பணிக்கொடையும் கணவரின் சேமிப்புமாக இருபது இலட்சத்துக்குச் சற்றுக் கீழே.

"இதை என்ன செய்யலாம், தம்பி?"

நான் ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வுபெற்றவன். முதலீட்டு ஆலோசகன் என்று பலகை மாட்டியதில்லை. வங்கிப் படிவம் விளங்காவிட்டால் பரந்தனிலிருந்தும் கண்டாவளையிலிருந்தும் ஆட்கள் வருவார்கள்; நிரப்பிக் கொடுப்பேன், தேத்தண்ணீர் கொடுப்பேன், அவ்வளவுதான். ரீச்சரின் காசு அடுத்த மூன்று வருடத்தில் எங்கெங்கே போய் என்னவாகித் திரும்பியது என்பதை அவருடைய அனுமதியுடன் இங்கே எழுதுகிறேன். பெயர் போடவில்லை. தொகைகளைச் சற்று உருட்டியிருக்கிறேன்.

அவருக்கு அப்போது வயது 61. வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை இருந்தது. கணவர் தங்கம் வாங்கச் சொன்னார். தம்பி, இரணைமடுவின் கீழ் ஆறு ஏக்கர் செய்கிறவர், பழைய உழவு இயந்திரம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது என்றார். பெறாமகன் ஒருவர் ஏ9 வீதியோரம் புதிதாகக் கிளை திறந்த நிதிக் கம்பனியில் வேலை. அங்கே போட்டால் வங்கியை விடக் கூடிய வட்டி என்று துண்டுப்பிரசுரத்தோடு வந்திருந்தார். ரீச்சர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுக்கும் சரி சொல்லவில்லை. பிள்ளைகள் சொல்லும் விடையைக் கேட்டுவிட்டுப் பேசாமல் நிற்கும் அந்தப் பார்வை முப்பது வருடப் பழக்கம்.

தொலைந்த புத்தகமும் தொலையாத பதிவேடும்

வன்னியில் 'வைப்பு' என்ற சொல்லைச் சும்மா உச்சரிக்க முடியாது. விடுதலைப் புலிகளின் வங்கியான தமிழீழ வைப்பகம் 1994 இல் தொடங்கியது. 2009 மே மாதத்தோடு அது இல்லாமல் போனது. அதில் போட்ட காசும் ஈடு வைத்த நகையும் அவற்றுக்குரியவர்கள் கைக்குத் திரும்பவில்லை. ரீச்சருக்கும் அதில் ஒரு சிறு தொகை இருந்தது. எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

அதே ரீச்சருக்கு அரச வங்கியொன்றிலும் கணக்கு இருந்தது. புதுக்குடியிருப்பைத் தாண்டி நகர்ந்த நாள்களில் புத்தகம் தொலைந்தது. அடையாள அட்டையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் மட்டும் எப்படியோ மிஞ்சின. செட்டிகுளம் முகாமிலிருந்து வெளியே வந்து, வவுனியாக் கிளையில் அடையாள அட்டையைக் காட்டியபோது, கணக்கு அப்படியே இருந்தது. வட்டியும் ஏறியிருந்தது. "புத்தகம்தான் என்னிடம் இருந்தது, காசு இன்னொரு இடத்தில் எழுதப்பட்டிருந்தது" என்று அவர் சொன்னதை நான் அன்றே குறித்து வைத்தேன். நான் அவருக்குச் சொன்ன திறைசேரி உண்டியலை, அதாவது அரசாங்கம் ஒரு வருடத்துக்குள் திருப்பித் தரும் கடனை, விளங்கப்படுத்த அதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைக்கவில்லை.

ஏனென்றால் இன்றைய உண்டியலுக்கும், அதைவிட நீண்ட காலக் கடனான முறிக்கும் கையில் தாள் கிடையாது. அரசாங்கம் உங்களிடம் கடன் வாங்கியிருக்கிறது என்ற விவரம் லங்காசெக்குயர் என்ற மின்னணுப் பதிவேட்டில் உங்கள் பெயரில் நிற்கிறது. வங்கியோ, அரசாங்கக் கடன் பத்திரங்களை ஏலத்தில் வாங்கி விற்கும் முதனிலை வணிகரோ தருவது வெறும் உறுதிப்படுத்தல் கடிதம். வெள்ளம் கொண்டுபோனாலும் கறையான் தின்றாலும் காசு போகாது. பொலித்தீன் பைக்குள் வாழ்க்கையைச் சுற்றித் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்கு இது சின்ன விடயமில்லை. ஆனால் ஒன்றைச் சரிபார்க்க வேண்டும்: பதிவேட்டில் நிற்பது உங்கள் பெயரா, இடையில் நிற்கும் நிறுவனத்தின் பெயரா என்பதை. காசு கொடுத்ததும் பதிவேட்டுக் கூற்றைக் கேட்டு வாங்கி, பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுத்து எழுத்தாகப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் கிளிநொச்சியிலேயே இருக்கிறது. கொழும்புக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை.

கணவருக்கு வேறொரு பயம். "பிணைமுறியா? அது களவெடுத்த விடயம் அல்லவா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. 2015 பெப்ரவரி 27 ஆம் திகதி மத்திய வங்கி 100 கோடி ரூபாவுக்கு அறிவித்த 30 வருட முறி ஏலத்தில் 1,000 கோடிக்கு மேல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதற்குப் பிறகு பல வருடம் தமிழ்ப் பத்திரிகைகளில் 'பிணைமுறி' என்ற சொல் 'மோசடி' என்ற சொல்லோடுதான் அச்சேறியது. அந்த விவகாரம் ஏலம் எப்படி நடந்தது, முன்கூட்டி யாருக்குத் தெரிந்தது என்பது பற்றியது. கூடிய வட்டியைச் சுமந்தது அரசாங்கம், அதாவது வரி கட்டும் எல்லோரும். முறியை வைத்திருந்த ஆளுக்கு வட்டி நிற்கவில்லை. இதைச் சொல்லி முடிக்க இரண்டு தேத்தண்ணீர் ஆனது.

உண்டியலின் கணக்கு

திறைசேரி உண்டியல் மூன்று அளவில் வருகிறது: 91 நாள், 182 நாள், 364 நாள். புதன்கிழமை ஏலம், வெள்ளிக்கிழமை கொடுப்பனவு. 364 என்பது சரியாக 52 கிழமை. அதனால் வெள்ளியில் வாங்கிய உண்டியல் வெள்ளியிலேயே முதிர்ச்சியடையும். ரீச்சருக்கு இது உடனே பிடித்துவிட்டது. பாடசாலை நேரசூசி மாதிரி இருக்கிறது என்றார்.

உண்டியலில் மாதாமாதம் வட்டி வராது. குறைத்து வாங்கி முழுதாகத் திரும்பப் பெறுவது அதன் முறை. 2022 முடிவில் ஏலத்தில் 364 நாள் உண்டியலின் விளைவு வீதம், அதாவது வருட வட்டிக் கணக்கில் கிடைக்கும் வரவு, 29.27 சதவீதம், 91 நாளுக்கு 32.64. குறுகிய காலத்துக்குக் கூடிய வட்டி, நீண்ட காலத்துக்குக் குறைந்த வட்டி. சாதாரண காலத்தில் இது தலைகீழாக இருக்கும். இன்றைய வட்டி நிலைக்காது, இறங்கத்தான் போகிறது என்று சந்தை நினைத்தால் இப்படி வரும். அன்று நான் இதைக் கவனித்தேன், ஆனால் அதற்குரிய பாரத்தைக் கொடுக்கவில்லை. அது என் பிழை, பின்னால் வருகிறேன்.

வங்கி தன் பங்கை எடுத்துக்கொண்டு ரீச்சருக்குத் தந்தது 28.5 சதவீதம். முகப்பெறுமதி, அதாவது முதிர்ச்சியில் கைக்கு வரும் தொகை, 20 இலட்சம் ரூபா. அன்று அவர் கட்டியது 15 இலட்சத்து 57 ஆயிரம் அளவில். மிச்சக் காசைச் சேமிப்புக் கணக்கில் விடச் சொன்னேன்; மழைக்கு ஒழுகும் கூரையும் புதுப் பசுவும் வரிசையில் நின்றன. 2022 டிசெம்பர் 30 வெள்ளிக்கிழமை காசு போனது. 2023 டிசெம்பர் 29 வெள்ளிக்கிழமை 20 இலட்சம் வரும். இடையே ஒரு சதமும் வராது. இந்தக் கடைசி வசனத்தை அவரைக்கொண்டு இரண்டு தடவை சொல்ல வைத்தேன். மாத வருமானத்தை எதிர்பார்த்து உண்டியல் வாங்கி, மூன்றாம் மாதம் வங்கி வாசலில் நின்று சண்டை பிடித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

சுற்றியிருந்தவர்கள் சும்மா விடவில்லை. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டிருந்தது, டிசெம்பரிலும் 57.2. "சாமான் 57 ஏறும்போது 29 வாங்கி என்ன பிரயோசனம், காசு கரைகிறது" என்று படித்தவர்களே சொன்னார்கள். தங்கம் வாங்கு என்ற கணவரின் வாதத்துக்கும் அதுதான் அடிப்படை. எனக்கும் அப்போது தெளிவாகப் பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் ஒரு வருடம் கழித்து வந்தது. 57.2 என்பது அதற்கு முந்திய பன்னிரண்டு மாதத்தில் விலை ஏறிய அளவு. உண்டியலின் 28.5 என்பது அதற்குப் பிந்திய பன்னிரண்டு மாதத்துக்கான வட்டி. போன வருட மழையை வைத்து இந்த வருடக் குளத்தை அளந்துகொண்டிருந்தோம். உண்டியல் உயிரோடிருந்த 2023 ஆம் ஆண்டின் முடிவில் பணவீக்கம் 4.0 சதவீதம். ஆகவே ரீச்சரின் காசு விலையேற்றத்தைக் கழித்த பிறகும் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு கூடியது. எங்கள் காலத்தில் அப்படி ஒரு வருடம் இனி வருமா தெரியாது. வராமல் இருப்பதே நாட்டுக்கு நல்லது.

"ஐந்து வருடமா, தம்பி?"

இந்த நிகழ்வில் நான் அதிகம் யோசித்த இடம் இது.

உண்டியலுக்குப் பக்கத்தில் திறைசேரி முறி இருந்தது. முறி என்றால் இரண்டு வருடத்திலிருந்து முப்பது வருடம் வரை அரசாங்கம் வாங்கும் கடன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பன் என்ற வட்டி கணக்குக்கு வரும், முடிவில் முதல் தொகையாக முகப்பெறுமதி வரும். ஆசிரியர் ஓய்வூதியத்துக்குப் பக்கத்தில் வைக்க அது நல்ல துணை. நான் ஒரு மாதிரிக் கணக்குப் போட்டுக் காட்டினேன்: ஐந்து வருட முறி, 20 சதவீதக் கூப்பன், சந்தை எதிர்பார்க்கும் விளைவு 28 சதவீதம் என்றால், 100 ரூபா முகப்பெறுமதிக்கு விலை 79 ரூபா 14 சதம். அதே 15 இலட்சத்து 57 ஆயிரத்துக்கு முகப்பெறுமதியில் 19 இலட்சத்து 68 ஆயிரம் கிடைக்கும். வருடத்துக்கு 3 இலட்சத்து 93 ஆயிரம் கூப்பன், ஐந்து வருடமும் மாறாமல். கடைசியில் 19 இலட்சத்து 68 ஆயிரம் முதல்.

ரீச்சர் தாளைப் பார்த்தார். கணக்கு அவருக்கு விளங்கியது, கணித ரீச்சர்தான். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஐந்து வருடமா, தம்பி? என் வயதில் ஐந்து வருடம் ஒரே இடத்தில் நின்ற எந்தப் பொருளையும் நான் பார்க்கவில்லை. வீட்டைக்கூட மூன்று தடவை கட்டினேன்."

நான் தாளை மடித்துவிட்டேன்.

கொழும்பில் ஒரு வங்கி அதிகாரியிடம் இதைச் சொன்னால், வயதானவர்களின் பயம் என்பார். அது அவ்வளவு இலேசானதில்லை. நிலையான வருமானம் தரும் எந்தக் கடன் பத்திரத்திலும் யாருக்குக் கடன் கொடுக்கிறோம், எவ்வளவு வட்டி என்பவற்றோடு எத்தனை நாளைக்கு என்பதும் சம அளவில் முக்கியம். யாருக்கு, எவ்வளவு என்பதைத் துண்டுப்பிரசுரம் சொல்லிவிடும். எத்தனை நாளைக்கு என்பதற்கு விடை வாங்குகிறவரின் வாழ்க்கைக்குள் இருக்கிறது. 1990 இலிருந்து 2009 வரை வன்னியில் குடும்பம் நடத்திய ஒருவருக்கு ஒரு வருடமே நீண்ட காலம்.

அவருடைய பயத்துக்கு வெளியே காரணமும் இருந்தது. 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று அறிவித்துவிட்டது. அடுத்தது உள்நாட்டுக் கடனிலும் கை வைப்பார்களா என்ற பேச்சு அந்த டிசெம்பரில் எல்லா இடத்திலும் இருந்தது. 28, 29 சதவீதம் என்ற வட்டி வானத்திலிருந்து விழவில்லை. அந்தப் பயத்தின் விலையும் அதற்குள் இருந்தது. 2023 ஜூன் கடைசியில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டு, வங்கிகளுக்கு விசேட விடுமுறையும் விடப்பட்டபோது, ரீச்சர் காலை ஆறரைக்கே என் படலையில் நின்றார். சுமை ஊழியர் சேமலாப நிதியம் போன்ற ஓய்வுகால நிதியங்களின் மீதும் மத்திய வங்கி வைத்திருந்த உண்டியல்கள் மீதும் இறங்கியது; நிதியங்கள் தங்கள் முறிகளை மாற்றிக்கொள்ளாவிட்டால் 14 சதவீதத்துக்குப் பதிலாக 30 சதவீத வரி. தனி ஆட்கள் வைத்திருந்த ரூபா உண்டியலும் முறியும் தொடப்படவில்லை. வானொலிச் செய்தியை இருவருமாகக் கேட்ட பிறகுதான் அவர் வீட்டுக்குப் போனார். கடன் வாங்கியிருப்பது அரசாங்கமே என்றாலும், 'ஆபத்தில்லாத முதலீடு' என்ற சொல்லை நான் அதன்பிறகு ஒருவருக்கும் சொல்வதில்லை.

முதிர்ச்சிக்குப் பிறகு

20 இலட்சம் சொன்ன நாளில் வந்தது. 2023 ஜனவரியிலிருந்து வட்டிக்கு 5 சதவீத நிறுத்திவைத்தல் வரி நடைமுறைக்கு வந்திருந்தது. 2025 ஏப்ரலிலிருந்து அது 10 சதவீதம். ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர்கள் வங்கி வைப்பு வட்டிக்குச் சுயபிரகடனம் கொடுத்து அந்தக் கழிவைத் தவிர்க்கலாம். எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் இதைக் கொடுப்பதில்லை, படிவம் இருப்பதே தெரியாது.

வட்டியாக வந்ததை எடுத்துக் கூரையை மாற்றினார். முதல் தொகையை மறுபடி 364 நாளுக்குப் போட வந்தார். அன்றைக்கு ஏல விளைவு 12.93. அவருக்குக் கிடைத்தது 12.5. போன வருடம் 4 இலட்சத்து 43 ஆயிரம் தந்த அதே முதல், இந்த வருடம் 1 இலட்சத்து 94 ஆயிரம். அதற்கடுத்த டிசெம்பரில் ஏல விளைவு 8.96 ஆகியது, அவருக்கு 8.5, அதாவது 1 இலட்சத்து 32 ஆயிரம்.

முறித் தாளில் எழுதியிருந்த 3 இலட்சத்து 93 ஆயிரத்தை அவர் மறக்கவில்லை. நானும் மறக்கவில்லை. காசு பத்திரமாகத் திரும்பி வந்தும் வருமானம் மூன்றில் ஒன்றுக்கும் கீழே விழுந்தது. கடன்காரன் ஏமாற்றவில்லை, காசு திரும்பி வந்த நாளில் சந்தையில் வட்டி இறங்கியிருந்தது, அவ்வளவுதான். மறுமுதலீட்டு ஆபத்து என்று புத்தகங்கள் இதைச் சொல்லும். நான் செய்ய வேண்டியிருந்தது எளியது: 91 நாள் வட்டி 364 நாள் வட்டியைவிட மேலே நின்றதைக் காட்டி, "சந்தை இறக்கத்தை எதிர்பார்க்கிறது, முழுவதையும் வேண்டாம், மூன்று இலட்சத்தை மட்டும் முறியில் போடுங்கள்" என்று சொல்லியிருக்கலாம். முழுத் தொகைக்கும் கணக்குப் போட்டு நீட்டினால் யாரும் பயப்படுவார்கள்.

முறி வாங்காதது தவறான முடிவா என்று இப்போது கேட்கிறார்கள். வட்டி இறங்கியதால் முறி வென்றது. ஜூனில் வேறு விதமாக அறிவிப்பு வந்திருந்தால் அதே முறி தோற்றிருக்கும். நடந்து முடிந்ததை வைத்து முடிவெடுத்தவருக்குப் புள்ளி போடுவது பரீட்சை முடிந்தபின் விடைத்தாளைப் பார்த்துப் பேசுவது மாதிரி.

தம்பியின் விதைப்பு

ரீச்சரின் தம்பி உழவு இயந்திர யோசனையை விட்டுவிட்டு, 2023 மார்ச்சில் கால போக நெல் விற்ற காசோடு வந்தார். அந்த மாதம் 20 ஆம் திகதி சர்வதேச நாணய நிதியம் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் தந்திருந்தது. வட்டி இறங்கத் தொடங்கியிருந்தது. அக்கா வாங்கியதையே தானும் வாங்க வேண்டும் என்று 364 நாள் உண்டியலைப் பிடித்துக்கொண்டார். செப்டெம்பர் கடைசியில் விதைப்புக்குக் காசு வேண்டுமே என்றேன். "அதை அப்போது பார்ப்போம் அண்ணை" என்றார். வயல்காரர்கள் எல்லோருக்கும் அந்த ஒரு வசனம் தெரியும்.

24 சதவீதத்தில் வாங்கினார். 100 ரூபாவுக்கு 80 ரூபா 69 சதம். சொன்னபடியே செப்டெம்பரில் உரம், விதைநெல், உழவுக் கூலி என்று காசு தேவைப்பட்டது. முதிர்ச்சிக்கு இன்னும் ஆறு மாதம். உண்டியலை இடையில் விற்கலாம். ஆனால் அன்றைய சந்தை விலைக்குத்தான் விற்க முடியும். அதற்குள் வட்டி நன்றாக விழுந்திருந்தது. வாங்குகிறவர் 16 சதவீதம் போதும் என்றார். அந்தக் கணக்கில் விலை 92 ரூபா 61 சதம். ஆறு மாதத்துக்கு 14.8 சதவீத வரவு. பேசிய வட்டியின் பாதியை விடக் கூட. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. தான் ஏதோ கெட்டித்தனம் செய்துவிட்டதாக முகம் முழுக்கச் சிரிப்பு.

அவரை உட்காரவைத்து அதே கணக்கை மறுபக்கமாகப் போட்டேன். வட்டி இறங்காமல் 32 ஆக ஏறியிருந்தால் விலை 86 ரூபா 24 சதம். வரவு 7 சதவீதத்துக்கும் கீழே. உண்டியலில் அடி இலேசாகத்தான் விழும், காலம் குறுகியது. நீண்ட முறியில் அப்படியில்லை. 2021 இல் 10 சதவீதக் கூப்பனோடு பத்து வருட முறி ஒன்றை 100 ரூபாவுக்கு வாங்கியவரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்துச் சந்தை 26 சதவீதம் கேட்கிறது. 10 தரும் பழைய முறியை யார் 100 கொடுத்து வாங்குவார்? கணக்குப்படி விலை 45 ரூபா. அரசாங்கம் ஒரு கூப்பனையும் தவறவிடவில்லை, பத்திரமான கடன்தான். ஆனால் அன்றைக்கு மகளின் கலியாணத்துக்கு அதை விற்கப் போனவர் பாதிக்கு மேல் இழந்துதான் திரும்பியிருப்பார். விற்காமல் 2031 வரை இருந்தால் 100 வரும்.

வட்டி ஏறினால் பழைய முறியின் விலை இறங்கும், இறங்கினால் ஏறும். தராசுத் தட்டு என்று சொன்னதும் தம்பி பிடித்துக்கொண்டார். நீளம் கூடக் கூட ஆட்டம் கூடும் என்பதை விளங்க வைக்க, முற்றத்தில் கிடந்த நீளத் தடியின் ஒரு முனையைப் பிடித்து ஆட்டிக் காட்ட வேண்டியிருந்தது.

2024 இலிருந்து அவர் 182 நாள் உண்டியல் வாங்குகிறார். மார்ச்சில் அரிவு முடிந்து போட்டால் செப்டெம்பரில் விதைப்புக்கு வந்து நிற்கும். நெல்லுக்கும் திறைசேரிக்கும் இப்படி ஒரு பொருத்தம் இருப்பது முப்பது வருடம் கணக்கு எழுதிய எனக்கே அதுவரை தோன்றவில்லை.

நிதிக் கம்பனியின் துண்டுப்பிரசுரம்

பெறாமகனின் யோசனையை ரீச்சர் ஏற்கவில்லை. காரணம் நான். பல வருடங்களுக்கு முன் ஒரு நிதிக் கம்பனியில் நான் நாலு இலட்சம் போட்டேன். பெயர் வேண்டாம். வங்கியை விட மூன்று சதவீதம் கூடத் தந்தார்கள். அந்த மூன்று சதவீதம் எதற்காக என்று கணக்கு எழுதிப் பிழைத்த நான் கேட்கவில்லை. வட்டி ஒழுங்காக வந்தது, பிறகு பிந்தியது, பிறகு கிளை மேசையில் இருந்த பெண்பிள்ளை என் முகத்தைப் பார்க்காமல் பேசத் தொடங்கினார். கடைசியில் காசு துண்டு துண்டாக, வருடக்கணக்கில், வட்டியில்லாமல் வந்தது. மனைவிக்கு இன்றும் முழுக்கதை தெரியாது.

அதனால் எவர் துண்டுப்பிரசுரத்தோடு வந்தாலும் மத்திய வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனங்களின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். இருந்தால், இலங்கை வைப்புக் காப்புறுதித் திட்டத்தின் கீழ் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்கு 11 இலட்சம் ரூபா வரை காப்பு உண்டு. அதற்கு மேல் போடுகிறவர் அந்தக் கம்பனிக்குக் காப்பில்லாத கடன் கொடுக்கிறார் என்று பொருள். தேசிய சேமிப்பு வங்கியின் வைப்புகளுக்கு 1971 ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசாங்கத்தின் முழு உத்தரவாதம் இருக்கிறது. வட்டி கொஞ்சம் குறைந்தாலும் எங்கள் ஊர் முதியவர்கள் அங்கே போவதைக் கேலி செய்ய வேண்டாம்.

பங்குச் சந்தையில் பட்டியலிட்ட கம்பனித் தொகுதிக்கடன்களும், அதாவது கம்பனிகள் பொதுமக்களிடம் வாங்கும் கடன் பத்திரங்களும், இருக்கின்றன. அவற்றுக்கு வைப்புக் காப்புறுதி கிடையாது. கம்பனி விழுந்தால் உங்களுக்கு முன் வரிசையில் வேறு ஆட்கள் நிற்பார்கள். விற்க நினைத்த நாளில் வாங்க ஆள் இருக்காது. கிளிநொச்சியிலிருந்துகொண்டு ஒரு கம்பனியின் ஐந்தொகையை வாசிக்க முடியாத ஒருவருக்கு நான் அதைச் சொல்வதில்லை. சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் வேறு.

நாட்காட்டி

2025 டிசெம்பர் நெருங்கியபோது ரீச்சரின் வீட்டுக்கு நானே போனேன். புதுக் கூரை, கொட்டிலில் ஒரு நாம்பன் கன்றும் பசுவும். சுவரில் கடைக்காரர் தந்த நாட்காட்டி. அதில் முதிர்ச்சி நாளைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, பக்கத்தில் தொகையை எழுதியிருந்தார் கணவர். தங்கம் வாங்கச் சொன்னவர். தங்கம் இந்த இடைவெளியில் ஏறிய ஏற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் என்னைப் பார்த்துச் சிரித்தார். சொல்லியிருந்தால் என்னிடம் பதில் இருந்திருக்காது.

உறுதிப்படுத்தல் கடிதங்களின் போட்டோப் பிரதி ஒரு கட்டு வவுனியாவில் மகளிடம் போயிருக்கிறது. கணக்கை மகளோடு சேர்த்துக் கூட்டுக் கணக்காக்கியிருக்கிறார்கள். நான் சொல்லாமலே செய்தது அது.

ரீச்சர் ஒரு தாள் வைத்திருந்தார், கட்டம் போட்டு. முதல் தொகையை மூன்றாகப் பிரித்திருந்தார். ஒரு பங்கு 182 நாள், ஒரு பங்கு 364 நாள். மூன்றாவது கட்டத்தில் கேள்விக்குறி. இப்போது வட்டி குறைவு, இந்த நேரத்தில் நீண்ட முறிக்குப் போனால் குறைந்த வட்டியிலேயே மாட்டிக்கொள்ள நேரலாம் என்று எச்சரித்தேன். முன்பு வாய் திறக்காமல் இருந்ததற்கு இப்போது கூடுதலாகவே பேசினேன்.

அவர் பென்சிலால் கேள்விக்குறியை அழித்தார்.

"இரண்டு வருடம் என்றால் பார்க்கலாம், தம்பி" என்றார். "இரண்டு வருடம் நிற்பேன்."